கஞ்சமலை மண்ணுக்கும் ஏற்காட்டு ஏற்றத்துக்கும் ஒரே மோட்டார்

அக்கா மகனின் ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. காரில் கம்பெனியோடு வந்த பிரஷ் மோட்டார் ஓய்ந்துவிட்டது. கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகிவிட்டது. அந்த பிரஷ் உரசி ஓடும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் போடுவதைவிட, பிரஷ்ஷே இல்லாத பிரஷ்லெஸ் ரகத்துக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தோம். எந்த மோட்டார் என்று பார்க்கப் போனால் கடையில் நூறு எண்கள். 3650, 3660, 4600 கேவி, 13.5 டர்ன், நாலு போல், சென்சார்டு. இதில் எந்த எண்ணை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் போன வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சக்கரமும் இழுக்கும், மண் பந்தயத்துக்கான ஷார்ட் கோர்ஸ் டிரக். பேட்டரியோடு எடை 2.4 கிலோ. டயர் விட்டம் 110 மி.மீ. பெரிய ஸ்பர் கியரில் 64 பல், மோட்டாரில் இருக்கும் பினியனில் 20 பல். டிஃபரன்ஷியலைத் திறந்து எண்ணினால் பெரிய வளையத்தில் 43, அதை ஓட்டும் சின்னப் பல்லில் 13. ஓடப்போவது இரண்டு இடத்தில். சேலத்தில் கஞ்சமலை அடிவாரத்துப் பொட்டல், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தெரிந்தவரின் காப்பித் தோட்டத்து மண்பாதை. கடைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் மோட்டார் தேடினால் கண்ணில் முதலில் படுவது கேவிதான்.

மாப்பிள்ளைக்கும் அதுதான் பட்டது. "மாமா, 4600 எடுத்துடலாம் மாமா. 3300-ஐவிட அதுதான் பவர் ஜாஸ்தி."

கேவி என்பது சக்தியைச் சொல்லும் எண்ணே இல்லை. சுமை இல்லாமல் சும்மா சுற்றவிட்டால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது மட்டும்தான் அது. 3300 கேவி மோட்டாரை 7.4 வோல்ட்டில், அதாவது இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் சுற்றவிட்டால் 24,420 சுற்று. 4600 என்றால் 34,040. இந்தச் சுற்று அப்படியே சக்கரத்துக்குப் போகாது, கியர் வழியாகக் குறைந்துதான் போகும். 64-ஐ 20-ஆல் வகுத்தால் 3.2. அதை டிஃபரன்ஷியலின் 3.31-ஆல் பெருக்கினால் 10.6. மோட்டார் 10.6 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 110 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 34.5 செ.மீ. உருளும்.

மாப்பிள்ளையையே கால்குலேட்டரில் போடச் சொன்னேன். 3300-க்கு மணிக்கு 48 கி.மீ. வந்தது. 4600-க்கு 67 கி.மீ. இது காகிதக் கணக்கு. உண்மையில் உரசல், காற்று, பேட்டரி வோல்ட்டேஜ் இறக்கம் எல்லாம் போக இதில் எண்பது சதவீதம் கிடைத்தால் நல்லது. அப்படியும் 3300-இலேயே 38 கி.மீ. வருகிறது. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் முழங்காலுக்குக் கீழே 38 கி.மீ. வேகத்தில் ஓடுவது சின்ன விஷயம் அல்ல.

"அப்ப 4600 போட்டா அம்பது தாண்டும்ல?" என்றான். தாண்டும். ஆனால் அந்த வேகத்துக்கு யார் விலை கொடுப்பது என்று பார்க்க வேண்டும்.

ஒரு மோட்டார் ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு முறுக்கு தரும் என்பதை கேவியை வைத்தே கண்டுபிடிக்கலாம். 9.55-ஐக் கேவியால் வகுத்தால் போதும், நியூட்டன் மீட்டரில் விடை வந்துவிடும். 3300-க்கு 0.0029, 4600-க்கு 0.0021. கேவி ஏற ஏற ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு குறைகிறது. இப்போது எங்கள் வண்டிக்கு வருவோம். 3300 மோட்டாருக்குள் 40 ஆம்பியர் போனால் 0.116 நியூட்டன் மீட்டர். கியர் வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது அது 10.6 மடங்கு. டயரின் பாதி விட்டத்தால் வகுத்தால் தரையில் கிடைக்கும் இழுப்பு 22 நியூட்டன். வண்டியின் எடை 23.5 நியூட்டன். அதாவது கியர் உரசலை விட்டுவிட்டுப் பார்த்தால், 40 ஆம்பியருக்கு வண்டி தன் முழு எடையையே கிட்டத்தட்டத் தூக்கிவிடும் அளவுக்கு இழுக்கிறது. இதற்கு மேல் இழுத்தால் மண்ணில் டயர் வழுக்கும், அவ்வளவுதான்.

அதே கியரில் அதே இழுப்பு 4600-இலிருந்து வேண்டுமென்றால் 56 ஆம்பியர் ஆகும். வயர், கனெக்டர், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் ஃபெட் (மின் சுவிட்ச்) ஆகியவற்றில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 56-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 2. இழுப்பு அதே, சூடு இரட்டிப்பு. 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி. வைத்துச் சமாளிக்க வேண்டிய இடத்தில் 80-க்கும் மேலே போக வேண்டும். அதைத் தாங்கும் பேட்டரி வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் இதெல்லாம் நடக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். 4600-ஐப் போட்டு, பினியனை 14 பல்லுக்கு இறக்கினால் வேகமும் இழுப்பும் ஏறக்குறைய 3300-க்கு 20 பல் போட்ட மாதிரியேதான் இருக்கும், ஆம்பியரும் அதே அளவுக்கு இறங்கிவிடும். கேவியும் கியரும் ஒன்றோடொன்று பிணைந்தவை, தனித்தனியாகப் பார்க்கவே கூடாது. "கேவி குறைந்தால் டார்க் அதிகம்" என்று பலரும் சொல்வது பாதி உண்மை. ஒரே அளவு மோட்டார் டப்பாவுக்குள் ஒரே எடைச் செம்பை மெல்லிய கம்பியாக அதிகச் சுற்று சுற்றினால் கேவி குறையும், தடித்த கம்பியாகக் குறைந்த சுற்று சுற்றினால் கேவி ஏறும். செம்பின் எடை மாறவில்லை என்றால், ஒரே முறுக்குக்கு மோட்டாருக்குள் பிறக்கும் சூடும் மாறாது. ஊரில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர்களிடம் கேட்டால் இதைக் கணக்கில்லாமலே சொல்லிவிடுவார்கள். அப்படியானால் எதை மாற்றினால் உண்மையிலேயே தாங்கும் சக்தி ஏறும்? டப்பாவின் அளவை மாற்றினால்தான்.

3650 என்றால் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். 3660 என்றால் அதே விட்டம், 60 மி.மீ. நீளம். நீளம் கூடினால் உள்ளே இரும்பும் செம்பும் காந்தமும் கூடும். அதே வேலைக்குச் சூடு குறையும், இருக்கிற சூட்டை உள்வாங்க உலோகமும் அதிகம். பத்தில் ஒரு பங்கு வண்டிகளில் 540 மோட்டார் உட்காரும் இடத்தில் இரண்டும் உட்காரும். ஸ்க்ரூ ஓட்டை இரண்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி, எம் 3 மரை. ஷாஃப்ட் 3.175 மி.மீ. என்று சொல்லித்தான் பெரும்பாலும் வரும், ஆனால் நீளமான சிலவற்றில் 5 மி.மீ. ஷாஃப்ட் இருக்கிறது. இதைப் பார்க்காமல் பினியன் வாங்கக் கூடாது. 2 கிலோவுக்குள் இருக்கும் இரண்டு சக்கர டிரைவ் பகி ரக வண்டிக்கு 3650 போதும். 2.4 கிலோ, நாலு சக்கரம், 110 மி.மீ. டயர், அதோடு மலை என்றால் 3660-க்குக் கீழே நான் யோசிக்கவே மாட்டேன்.

பெட்டி மேல் அச்சடித்திருக்கும் வாட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 1,800 வாட் என்று போட்டிருந்தால், இரண்டு செல் பேட்டரி சுமையில் 7 வோல்ட் தரும்போது அதற்கு 257 ஆம்பியர் இழுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு வண்டியில் அதைக் கொடுக்கும் வயரும் கிடையாது, வாங்கும் டயரும் கிடையாது.

இன்னொரு கணக்கையும் அப்போதே போட்டுப் பார்த்தோம். நாளைக்கே மூன்று செல் பேட்டரி போட ஆசை வரும், வராமல் இருக்காது. இந்த அளவு மோட்டார்களுக்கு நிமிடத்துக்கு 50,000 சுற்று என்று மேல் எல்லை போட்டிருப்பார்கள். மூன்று செல் முழு சார்ஜில் 12.6 வோல்ட். 4600-ஐ அதில் பெருக்கினால் 57,960. எல்லை தாண்டிவிட்டது. 3300 என்றால் 41,580, தாங்கும். இதைப் பார்த்த பிறகு மாப்பிள்ளையும் 4600 பேச்சை விட்டுவிட்டான். 3660, நாலு போல் (காந்தத் துருவம்), 3300 கேவி என்று முடிவாயிற்று.

சென்சாரா, சென்சார் இல்லாததா என்பதில்தான் எனக்கு ரொம்ப நேரம் யோசனை ஓடியது. பிரஷ்லெஸ் மோட்டாரில் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்பதை ஈ.எஸ்.சி. தான் முடிவு செய்யும். அதற்கு உள்ளே சுற்றும் காந்தமான ரோட்டார் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய வேண்டும். சென்சார்டு மோட்டாரில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் அதைச் சொல்லிவிடும். சென்சார் இல்லாததில், ரோட்டார் சுற்றும்போது சுருளில் பிறக்கும் எதிர் வோல்ட்டேஜைப் பார்த்து ஈ.எஸ்.சி. ஊகித்துக்கொள்ளும். நின்ற நிலையில் அந்த வோல்ட்டேஜே இருக்காது. அதனால்தான் நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளம்பும்போது வண்டி முன்னும் பின்னும் வெட்டி வெட்டி உதறும். காகிங் என்பார்கள். சமதளத்தில் இது பெரிய தொந்தரவு இல்லை, த்ராட்டிலைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தால் தாண்டிவிடும். ஏற்றத்தில் ஒரு கல்லில் முட்டி நின்று அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்றால், உதறும் ஒவ்வொரு முறையும் ஆம்பியர் எகிறும், மோட்டார் நகராமலே சூடாகும்.

காப்பித் தோட்டத்துப் பாதைக்குச் சென்சார்தான் சரி. ஆனால் அந்தச் சென்சார் வயர் ஆறு மெல்லிய இழை, நெல் மணி அளவு பிளக். மண்ணும் தண்ணீரும் அதற்கு ஆகாது. சில ஈ.எஸ்.சி.க்கள் சென்சார் வயர் அறுந்தாலும் சென்சார் இல்லாத முறைக்குத் தானே மாறிக்கொள்ளும். அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்கினோம். இது இருந்தால் தைரியமாகச் சென்சார்டு எடுக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம். சென்சார் இல்லாத மோட்டாரில் மூன்று வயரில் எந்த இரண்டை வேண்டுமானாலும் மாற்றிப்போட்டு சுற்றும் திசையை மாற்றலாம். சென்சார்டு மோட்டாரில் அது கூடவே கூடாது. ஏ, பி, சி வரிசை பொருந்த வேண்டும். திசை மாற்ற வேண்டுமென்றால் ஈ.எஸ்.சி. செட்டிங்கிலோ ரிமோட்டிலோதான்.

இனி சேலத்துக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது தலைவலியே இல்லை.

கஞ்சமலை இரும்பு மலை. மேக்னடைட் தாது. காந்தம் இழுக்கும் ரகம். பறங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்திய ஜோசையா ஹீத் நம்பியதே சேலத்துத் தாதுவைத்தான். அந்த மலையிலிருந்து மழைக்கு அடித்து வரப்பட்ட கருமணல் அடிவாரம் முழுக்கக் கிடக்கிறது. ஓடைத்தடத்தில் பார்த்தால் சிவந்த மண்ணுக்கு நடுவே கறுப்பு வரிவரியாகத் தெரியும். சின்ன வயதில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துத் திரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் சுற்றுவது நியோடிமியம் காந்தம். காற்றோட்டத்துக்காக ஓட்டை வைத்த மோட்டாரை அந்த மண்ணில் ஓட்டினால் கருமணல் நேராக உள்ளே போய்க் காந்தத்தில் ஒட்டும்.

அப்படி ஓட்டப்பட்ட ஒரு மோட்டாரை நண்பன் ஒருவன் கொண்டுவந்தான். பின்மூடியைக் கழற்றி ரோட்டாரை உருவினேன். காந்தம் விடாமல் இழுத்ததால் கொஞ்சம் பலம் கொடுத்துத்தான் வெளியே வந்தது. ரோட்டாரின் மேல் நான்கு கறுப்புக் கோடுகள், நீளவாக்கில், ஒன்றுக்கொன்று சம தூரத்தில். மயிர் சிலிர்த்த மாதிரி ஒவ்வொரு துகளும் குத்திட்டு நிற்கிறது. காந்தத்தின் துருவ அமைப்பைக் காட்டும் கோடுகள் அவை. நாலு போல் மோட்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ரோட்டாருக்கும் சுருளைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அரை மி.மீ. அளவுதான். அதற்குள் இந்தத் துகள் சுற்றிச் சுற்றி உரசி, உள் சுவரில் பளபளவென்று கீறல் வளையம் போட்டிருந்தது. ஊதினால் போகவில்லை, பிரஷ் போட்டால் இடம் மாறி மறுபடி ஒட்டிக்கொண்டது. துணி டேப்பை ஒட்டி ஒட்டி உரித்துத்தான் எடுத்தோம். பேரிங்குக்குள் போனதை எடுக்க முடியவில்லை, இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே எங்கள் மோட்டார் முழுக்க மூடிய டப்பாவாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். மூடிய மோட்டாரில் சூடு உடம்பு வழியாக மட்டுமே வெளியே போகும். அதனால்தான் நீளமான டப்பா, குறைந்த கேவி, மேலே சூட்டை வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க், அதற்கொரு சின்ன ஃபேன் என்று போனோம். எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்த முடிவுகள். மண் வேறு மாதிரி இருக்கும் ஊரில் ஓட்டை வைத்த 3650 நன்றாகவே ஓடும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். முதல் சந்தேகம் பினியன் பல் ரகம். பழைய பினியன் 5 மி.மீ. ஷாஃப்டுக்குப் பொருந்தாது, எங்கள் மோட்டாரில் 5 மி.மீ. தான் வந்தது. புதிது வாங்க வேண்டும் என்றால் பல் 0.8 மாட்யூலா, 32 பிட்சா (இரண்டும் பல்லின் அளவைச் சொல்லும் முறைகள்) என்று தெரிய வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஓடவும் செய்யும், ஆனால் சீக்கிரம் தேயும். பெரிய பல்சக்கரத்தைத்தான் அளக்க வேண்டும். பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி மாட்யூலால் பெருக்கினால் வெளி விட்டம். 64 பல்லுக்கு 0.8 மாட்யூல் என்றால் 52.8 மி.மீ., 32 பிட்ச் என்றால் 52.4 மி.மீ. வெர்னியரில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 20 பல் பினியனில் அளந்தால் வித்தியாசம் 0.14 மி.மீ. தான், தேய்மானத்திலேயே அது மறைந்துவிடும். எங்களுடையது 52.8 காட்டியது. 0.8 மாட்யூல், 5 மி.மீ. துளை, 16, 18, 20 பல் என்று மூன்று ஸ்டீல் பினியன் வாங்கி வைத்தோம். மோட்டாருக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, பலன் மட்டும் பெரிது.

மூன்று பல்லுக்கும் மோட்டார் முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும். பழைய மவுண்ட் பிளேட்டின் நீள ஓட்டை போதவில்லை. பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரரிடம் காட்டினேன். "தம்பி, இதுலயே ஓட்டைய நீட்டிக்கிட்டுப் போனா ஓரத்துல சதையே நிக்காது. மூணு எம்.எம். அலுமினியத்துல புதுசா வெட்டித் தர்றேன், அந்தப் பழசை வெச்சுட்டுப் போங்க" என்றார். சாயங்காலம் போனால், கேட்டதோடு ஸ்க்ரூ தலை உட்கார இடம் சீவி, மூலைகளை அரத்தால் மழித்தும் வைத்திருந்தார். "கை கிழிச்சுக்கப் போவுது பையன்" என்றார். அந்த பிளேட்டே ஒரு ஹீட் சிங்க் மாதிரியும் வேலை செய்கிறது, மோட்டார் முகத்தோடு முழுக்க ஒட்டி உட்கார்ந்திருப்பதால்.

ஸ்க்ரூ நீளத்தில் கவனம் வேண்டும். பிளேட் 3 மி.மீ., வாஷர் 1 மி.மீ., மோட்டாருக்குள் போக வேண்டியது 4 மி.மீ., ஆக 8 மி.மீ. ஸ்க்ரூ. கையில் 12 மி.மீ. இருக்கிறதே என்று முடுக்கினால் முனை உள்ளே போய்ச் சுருளைத் தொட்டுவிடும், மோட்டார் அங்கேயே முடிந்தது. பினியனின் குட்டி ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில் நேராக உட்கார வேண்டும், ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் த்ரெட் லாக்கர் பசை ஒரு சொட்டோடு. பல் இடைவெளிக்கு நோட்டுத் தாளில் ஒரு துண்டு கிழித்து, இரண்டு பல்லுக்கும் நடுவே உருட்டிவிட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து முடுக்க வேண்டும். தாளை வெளியே சுழற்றி எடுத்தால் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம். ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி நாலு இடத்தில் பார்ப்பது நல்லது, பிளாஸ்டிக் கியர் துல்லிய வட்டமாக இருப்பதில்லை.

சால்டரிங் வேலையைச் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பனிடம் விட்டேன். எக்ஸ்டி 60 கனெக்டரும் 12 கேஜ் சிலிக்கான் வயரும் சின்ன அயர்னுக்கு மசியாது. தடித்த செம்பு சூட்டையெல்லாம் குடித்துவிடும், மேலே ஈயம் உருண்டையாக நிற்கும், பார்த்தால் ஒட்டின மாதிரி இருக்கும், 40 ஆம்பியர் போகும்போது விட்டுவிடும். அவன் அகல முனை வைத்த பெரிய அயர்னை எடுத்து, வயரைக் கனெக்டர் குழியில் வைத்து, ஈயத்தைத் தொடாமலே கொஞ்ச நேரம் காத்திருந்தான். "மாப்ள, ஈயத்தைச் சூடு பண்ணாதே, சாமானைச் சூடு பண்ணு. அது பத்திக்கிட்டா ஈயம் தானா ஓடும்." ஓடியது. வயரின் இழைகளுக்குள் ஈயம் ஏறி, வெள்ளிக் கொலுசு மாதிரியே பளிச்சென்று நின்றது. கனெக்டரின் ஆண் பக்கத்தில் பெண் பக்கத்தை மாட்டிவைத்துக்கொண்டு சால்டர் செய்தான், சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் உள்ளே இருக்கும் உலோகப் பின் கோணாது.

சேலத்தில் முதல் ஓட்டம் 20 பல் பினியனோடு. கஞ்சமலைக்குப் போகும் யாரும் அமாவாசையன்று போகாதீர்கள், சித்தர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. வெயில் தாழ்ந்த நேரம், காற்று 34 டிகிரி. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரி ஏறக்குறைய கால் மணி நேரம் வந்தது. சூட்டைப் பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் நெற்றித் தெர்மாமீட்டர் உதவாது, அது மனித உடம்புக்கானது, நாற்பத்துச் சொச்சத்துக்கு மேல் காட்டாது. பட்டறைகளில் வைத்திருக்கும் ரகம் வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். அதனால் டப்பா மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டி அளந்தோம். 78 டிகிரி.

78 என்பது ஓடும், ஆனால் எனக்கு நிம்மதி தராத எண். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். மோட்டாருக்குப் பெரும்பாலும் அதைவிடச் சூடு தாங்கும் ரகம்தான் போடுவார்கள், ஆனாலும் எந்த ரகம் என்பது பெட்டியில் இருக்காது. வெளியே 78 என்றால் உள்ளே அதற்கும் மேல். வண்டியை நிறுத்திய பிறகும் உள் சூடு வெளியே வந்து டப்பா இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். 80-இல் நிறுத்திவிடுவது என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன்.

பினியனை 18 பல்லுக்கு மாற்றினோம். அதே மைதானம், அதே நேரம், 69 டிகிரி. வேகத்தில் மாப்பிள்ளைக்கு வித்தியாசமே தெரியவில்லை, கிளம்பும் விறுவிறுப்பு கூடியிருப்பதாகத்தான் சொன்னான். சின்னப் பினியன் என்றால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு ஏறுகிறது, உச்ச வேகம் குறைகிறது. அந்த மைதானத்தில் உச்ச வேகத்தைத் தொடும் முன்னாலேயே திருப்ப வேண்டி வந்துவிடுவதால் அது குறைந்தது உறைக்கவே இல்லை.

ஏற்காட்டுக்குப் போகும்போது 16 பல். மொத்த விகிதம் 13.2. காகித வேகம் 38 கி.மீ. ஆனால் முன்பு 40 ஆம்பியருக்குக் கிடைத்த அதே இழுப்பு இப்போது 32 ஆம்பியருக்கே கிடைக்கும், சுருளில் பிறக்கும் சூடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். கியரை மாற்றுவதைவிட மலிவான குளிரூட்டும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறிப் போனோம். வழியில் எந்த வளைவிலும் காரை எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று பையன்கள் கேட்பார்கள், விடவே கூடாது. பஸ்ஸும் லாரியும் திரும்பும் ரோடு அது.

மலையில் இரண்டு விஷயம் எதிரெதிராக இழுக்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட 1,200 மீட்டர் மேலே. காற்று எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி, ஆனால் கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு லேசு. லேசான காற்று சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும். எங்கள் அளவில் குளிர்ச்சிதான் ஜெயித்தது. தோட்டத்துப் பாதையில் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டி எடுத்து அளந்தால் 61 டிகிரி.

ஏற்றத்துக்கு ரொம்பப் பெரிய சக்தி தேவையில்லை என்பதும் அங்கே தெரிந்தது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையில் 2.4 கிலோ வண்டி 18 கி.மீ. வேகத்தில் ஏற, உயரத்துக்காக மட்டும் கூடுதலாகத் தேவைப்படுவது 12 வாட். ஒரு குண்டு எல்.இ.டி. பல்பு அளவு. சூடு வருவது ஏற்றத்தால் அல்ல, பெரிய பினியனில் மோட்டார் மெதுவாக முக்கிக்கொண்டு சுற்றுவதால். மோட்டார் தன் வேகத்தில் சுற்ற வேண்டும், வண்டி மெதுவாகப் போக வேண்டும். 16 பல்லில் அது நடந்தது. கல்லில் முட்டி நின்ற இடத்திலிருந்து சென்சார் உதவியோடு உதறாமல், சத்தமே இல்லாமல் ஏறிப் போனதைப் பார்த்தபோது சென்சாருக்குக் கொடுத்த காசு கணக்கில் வரவில்லை.

அங்கே தொந்தரவு கொடுத்தது சில்வர் ஓக் சருகுதான். காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரம், மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதன் இலை சீப்பு மாதிரி கிழிந்த இலை, காய்ந்தால் சுருண்டு எதிலும் மாட்டிக்கொள்ளும். ஹீட் சிங்க் ஃபேனில் ஒன்று சிக்கி ஃபேன் நின்றே போயிருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை, தெர்மாமீட்டர்தான் சொன்னது. கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி ஃபேன் முகப்பில் கட்டிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

பேட்டரிக்கு ஒரு வார்த்தை. ஈ.எஸ்.சி.யில் கட்-ஆஃப் செல்லுக்கு 3.3 வோல்ட் என்று வைத்திருக்கிறோம். ஓட்டி முடித்தபின் சார்ஜரில் ஸ்டோரேஜ் நிலை, அதாவது செல்லுக்கு 3.8 வோல்ட்டைத் தொட்டபடி, வைத்துவிட வேண்டும். சேலத்து வெயிலில் பூட்டிய காருக்குள் லைப்போவை விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

இப்போது ஓடும் அமைப்பு இதுதான். 3660 மூடிய டப்பா, நாலு போல், சென்சார்டு, 3300 கேவி, 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி., இரண்டு செல், சேலத்தில் 18 பல், மலையில் 16. உங்கள் வண்டி இதைவிட லேசான இரண்டு சக்கர டிரைவ் பகி, டயர் 85 மி.மீ. என்றால், அதே வேகத்துக்குக் கேவி கூடுதலாக வேண்டும், 4000-ஐ ஒட்டிப் போகலாம், டப்பா 3650 போதும். டயர் சின்னதாவதும் பினியன் சின்னதாவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எட்டில் ஒரு பங்கு வண்டி என்றால் 36 மி.மீ. குடும்பத்தையே விட்டுவிட்டு 40 மி.மீ. விட்டம், 2000-ஐ ஒட்டிய கேவி, நாலு செல் என்று தொடங்க வேண்டும், பினியனும் 1 மாட்யூலுக்கு மாறிவிடும். மாப்பிள்ளை 20 பல் பினியனைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் எண்ணெய் தடவி வைத்திருக்கிறான், மார்கழியில் காலை வேளையில் அதைப் போட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டுமாம்.